எலிஸ் யார்?

யாழ்ப்பாணத்தில் பியானோ பழகத் தொடங்கும் பிள்ளைகள் பலரும் ஆசைப்படுவது ‘ஃபூர் எலிஸ்’, அதாவது ‘எலிசுக்காக’. தொடக்கம் எளிது, நடுவில்தான் விரல் திணறும்.

அதை எழுதிய பீத்தோவன் 1770இல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர். குடிகாரத் தந்தை அழ அழப் பழக்கினார். முப்பது வயதாகுமுன்பே செவி மங்கத் தொடங்கியது. 1802இல் உயிரை விடும் எண்ணம்வரை போய் மீண்டார். 1810இல் ‘எலிஸ்’ எழுதி, வெளியிடாமலே வைத்துவிட்டார்.

உடுவிலில் அமெரிக்க மிஷனரிகள் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கிய அதே 1824இல், வியன்னாவில் அவரது ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறியது. கைதட்டல் கேட்காமல் நின்றவரைப் பாடகி ஒருவர் ரசிகர்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

1827இல் இறந்தார். ‘எலிஸ்’ அச்சேறியது 1867இல். மூலப் பிரதி தொலைந்துவிட்டது. எலிஸ் யாரென்பதில் இன்னும் தகராறுதான்.