உமறுப் புலவர் வைத்துப் போன செல்வம்

 

சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை அறியாதார் நம்மில் யார்? 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். தகப்பனார் நம்மைப் போல் வியாபாரி. வாசனைச் சரக்கு விற்றவர் என்பார்கள். எட்டயபுரம் அரண்மனைக் கவிஞர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்து, பின் அதே அரண்மனையில் புலவராக அமர்ந்தார்.

கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவர்கள், நாயகம் (ஸல்) அவர்களின் சரிதையைத் தமிழில் பாடும்படி கேட்டுக் கொண்டார்கள். ஆதாரம் வேண்டிப் புலவர் சதக்கத்துல்லா அப்பா அவர்களிடம் சென்றார். அரண்மனைக் கோலத்தில் வந்தவரை அப்பா அவர்கள் முதலில் ஏற்கவில்லை. புலவர் மனமுடைந்து அழுது துஆக் கேட்டார் என்றும், கனவில் உத்தரவு கிடைத்த பின்பே அப்பா அவர்கள் இணங்கினார்கள் என்றும் பெரியோர் சொல்லி வருகிறார்கள். ஆக, அந்தக் கதைக்கு முதல் போட்டதே கண்ணீர்தான்.

காவியம் முடியுமுன் வள்ளல் மவுத்தாகி விட்டார்கள். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்கள், பாடல்கள் 5027. நாயகம் (ஸல்) அவர்களின் சரிதையைக் கடைசி வரை பாடாமலே புலவர் மறைந்தார். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிறார். ஏட்டில் இருந்த நூல் 1842இல் அச்சாயிற்று.

என் வாப்பா இஷாத் தொழுதபின் சீறாவை ராகத்தோடு படிப்பார்கள். மானுக்குப் பிணை நின்ற படலம் வந்தால் வீடே அழும். வேடனிடம் சிக்கிய மான், குட்டிக்குப் பால் கொடுத்துத் திரும்பி வருவதாகச் சொல்ல, நாயகம் (ஸல்) அவர்கள் ஜாமீன் நின்றார்கள். மான் சொன்னபடி வந்தது. முடிவு எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பதறும்.

நான் கடை நடத்தும் காலத்தில், கையேந்தி நின்றால் வாய் துஆ ஓதும். மனமோ பாக்கிக் கணக்குப் பார்க்கும். ஒரு நாள் அந்தப் படலத்தை மறுபடி படித்தேன். ரப்பிடம் நான் கொடுத்த வாக்கு எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று எண்ணி வெட்கினேன். அன்று கேட்ட துஆ மனத்திலிருந்து வந்தது.

கதை படிப்பது தொழுகைக்கு ஈடாகாது. ஆனால் உழுத நிலத்தில்தான் விதை இறங்கும். நூறு தடவை படித்த கதையும் நூறு தடவை கேட்ட துஆவும் பழசாவதில்லை; நம் மனம்தான் காய்ந்து போகிறது. கடை அடைத்தபின் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு படலம் படியுங்கள், பிறகு கையேந்துங்கள்.

புலவரின் மண்ணறையை அல்லாஹ் ஒளியாக்குவானாக! ஆமீன்.