சபைக்கு விதி வகுத்த ஜெனரல் ராபர்ட்

கல்லூரிச் சங்கங்களுள் ஏதேனும் ஒன்றில் ஒருமுறையேனும் அக்கிராசனம் வகித்தோர், அவ்வாசனம் காண்பார்க்கு மெத்தையாயினும் அமர்ந்தார்க்கு முள்ளே என்பதை நன்கறிவர். ஒருவர் ஒரு பிரேரணை கொணர்வார்; அதனை ஆமோதிப்பார் எழுமுன்னரே மற்றொருவர் திருத்தம் கூறுவார்; அத்திருத்தத்திற்கும் ஒரு திருத்தம் பிறக்கும்; கடைசி வரிசையினின்றும் ஒழுங்குப் பிரச்சினை என்றொரு குரல் கிளம்பும். அந்நிலையில் சபையின் முன் உள்ள விஷயம் யாதென ஒருவர் வினவ, விடை கூற வகையறியாது யானும் ஒருகால் விழித்து நின்றதுண்டு. எம்போல் விழித்து நின்ற ஒருவரே அவ்வெட்கத்தை மறவாது பதின்மூன்று ஆண்டுகள் மனத்துட் கொண்டிருந்து, அதன் பயனாக ஒரு நூல் இயற்றினார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவல்.

ஹென்றி மார்ட்டின் என்றவுடன் புதிய ஏற்பாட்டைப் பாரசீக மொழியில் பெயர்த்த மிஷனெரியே நம்மிற் பலர்க்கு நினைவுக்கு வருவார். யான் கூறப் புகுந்தவர் வேறு; அவர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்னும் அமெரிக்கப் படைத்துறை எஞ்சினீயர். 1837-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள், தென் கரோலினா நாட்டின் ராபர்ட்வில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஜோசப் தாமஸ் ராபர்ட், பாப்திஸ்து சபையின் குருவானவர். அடிமைகளின் வியர்வையால் வாழ்ந்த அந்நாட்டில் அடிமை முறையை வெறுத்த அவர், குடும்பத்துடன் வடக்கே ஒஹாயோவிற் குடியேறினார். பிற்காலத்தில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென ஜார்ஜியாவில் நிறுவப்பெற்று இன்று மோர்ஹவுஸ் கல்லூரி என விளங்கும் கலாசாலைக்கு 1871-இல் முதல் தலைவராயினார். இத்தகைய தந்தையின் மைந்தர் 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது பிறந்த மண்ணின் பக்கம் சேராது ஐக்கியப் படையிலேயே நிலைத்து நின்றதில் வியப்பில்லை.

அதற்கு முன்னரே வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கலாசாலையில் 1857-இல் நான்காமவராகத் தேறியிருந்தார். 1858-இல் மேல்கரைக்குச் செல்லும் வழியில் பனாமாவிற் பற்றிய காய்ச்சல் அவர் உடலை நலித்தது. போர்க்காலத்தில் வாஷிங்டன், பிலடெல்பியா நகரங்களின் அரண் வேலைகளைக் கவனித்த பின், மாசசூசெட்ஸ் நாட்டின் நியூ பெட்போர்டு துறைமுகத்திற்கு அனுப்பப்பட்டார்.

அவ்வூரில்தான் அவருக்கு அந்தச் சோதனை வந்தது. 1863-ஆம் ஆண்டு அங்குள்ள பாப்திஸ்து தேவாலயத்தில் ஒரு கூட்டம் கூடிற்று. முன்னறிவிப்பின்றி ராபர்ட்டையே தலைமை வகிக்குமாறு வேண்டினர். மறுப்பது அழகன்று என எண்ணி ஆசனத்தில் ஏறினார். கோட்டை கட்ட அறிந்தவர்க்குக் கூட்டம் நடத்தத் தெரியவில்லை. சபையோர் தாமே ஒழுங்காய் இருந்துவிடுவர் என்று நம்பினார். அவர்களோ அங்ஙனம் இருந்தாரில்லை. வாதம் முற்றிக் குழப்பம் விளைந்தது. அதனை அடக்கும் வழி அக்கிராசனர்க்குப் புலப்படவில்லை. நாணத்துடன் இல்லம் திரும்பியவர், சபை நடத்தும் முறையைச் சிறிதேனும் கற்றாலன்றி இனி எக்கூட்டத்திற்கும் செல்வதில்லை என உறுதி பூண்டார். கிடைத்த ஒரு புத்தகத்தினின்றும், எந்தப் பிரேரணை எதற்கு முந்தியது, எவற்றின்மேல் விவாதம் கூடாது, எவற்றைத் திருத்தலாகாது என்னும் சில குறிப்புக்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அத்துண்டு பல ஆண்டுகள் அப்பையிலேயே இருந்தது.

1867-இல் சான் பிரான்சிஸ்கோவிற்கு மாற்றப்பட்டார். அந்நகரம் அன்று நாற்றிசையினின்றும் வந்தோர் கூடிய சந்தை. திருச்சபைக் காரியங்களிலும் நற்பணிச் சங்கங்களிலும் ராபர்ட் ஈடுபட்டபோது ஒரு விந்தை கண்டார். சண்டையிட்டவர் எவரும் தீயவரல்லர். ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வழக்கமே சரியான முறை என்று மெய்யாகவே நம்பினர். நூல்களைப் புரட்டினால் அவையும் ஒத்துப் பேசவில்லை. ஜெபர்சன் 1801-இல் வெளியிட்ட கைந்நூல் சட்ட மன்றத்திற்கென எழுந்தது. குஷிங் 1845-இல் இயற்றியது மற்றொரு வழி கூறிற்று. பிரதிநிதி சபையின் விதிகளோ வேறு. ஐம்பது பேர் கூடும் ஒரு சங்கம் எதனைப் பின்பற்றுவது?

1874-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் விடை கிடைத்தது. அப்பொழுது அவர் மில்வாக்கியில் இருந்தார். மிச்சிகன் ஏரியின் துறைமுக வேலைகள் பனிக்கட்டியால் நின்றுபோயின. கிடைத்த ஓய்வில் எழுதத் தொடங்கினார். எஞ்சினீயர் மூளை அந்நூலில் நன்கு தெரிகிறது. பிரேரணைகளை ஏணிப்படிகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மூலப் பிரேரணை அடிப்படி. திருத்தம் அதற்கு மேல். கமிட்டிக்கு அனுப்புதல், நாள் குறித்து ஒத்திவைத்தல் ஆகியவை இன்னும் மேல். சபையைக் கலைப்பது உச்சியை அடுத்த படி. ஒரு படியில் நிற்கையில் மேற்படிக்கு ஏறலாம். கீழ்ப்படிப் பிரேரணையைக் கொணரலாகாது. ஏறியவாறே ஒவ்வொன்றாய்த் தீர்த்துக்கொண்டு இறங்க வேண்டும். இதனை அறிந்த அக்கிராசனர் சபை முன் உள்ளது யாதென்ற வினாவிற்கு அஞ்சார்.

ஏணியினும் நுட்பமானது வோட்டுக் கணக்கு. பெரும்பான்மையோர் தீர்மானிக்கலாம், ஆயின் எதிர்ப்போர் வாயை அடைத்துத் தீர்மானிக்கலாகாது. ஆகலின் விவாதத்தை முடிக்க வேண்டுமென்போர்க்கு வெறும் பெரும்பான்மை போதாது, மூன்றில் இரு பங்கு வேண்டும் என விதித்தார். அதே வேளையில் பிடிவாதக்காரர் சிலர் சபையைப் பேசியே கொல்லாதபடி, ஒருவர் ஒரு விஷயத்தில் இருமுறைக்கு மேல் பேசலாகாது, ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷத்தைக் கடத்தலாகாது என்றும் வரம்பிட்டார். இவ்விரு விதிகளையும் ஒருங்கு வைத்துப் பார்த்தாலன்றி அவர் கருத்து விளங்காது. முன்னதைப் பேச்சாளரும் பின்னதைக் கேட்போரும் மட்டும் பாராட்டுவது நம் சங்கங்களின் வழக்கம்!

நூலை ஏற்பார் இலராகவே, தம் செலவில் 4,000 பிரதிகள் அச்சிட்டார். அச்சகத்தார் எழுத்துப் பற்றாக்குறையால் பதினாறு பதினாறு பக்கங்களாகவே அடித்துக் கலைத்தனர். அத்தாமதமும் நன்மையாயிற்று, கூட்டமே கண்டறியாதவர்க்கும் வழிகாட்ட வேண்டுமென்று மனைவியார் ஹெலன் கூற, இரண்டாம் பகுதியொன்று சேர்ந்தது. சிக்காகோ நகரத்து கிரிக்ஸ் கம்பெனியார் விற்க இசைந்தனர். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், 176 பக்கங்கொண்ட அச்சிறுநூல் எழுபத்தைந்து சென்ட் விலையில் வெளிவந்தது. அறிஞர்க்கும் சபைத் தலைவர்க்கும் ஆயிரம் பிரதிகளை இலவசமாக அனுப்பினார். இரண்டு ஆண்டுகளுக்குப் போதுமென அவர் எண்ணிய அப்பதிப்பு நான்கே மாதங்களில் தீர்ந்தது.

நூலாசிரியர் என்ற பெயர் பெற்ற பின்னரும் தம் தொழிலை அவர் விட்டாரில்லை. 1901-இல் படை எஞ்சினீயர்களின் தலைமைப் பதவி எய்தி ஓய்வு பெற்றார். முந்திய ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் டெக்ஸாஸ் கரையிலுள்ள கால்வெஸ்டன் நகரைப் புயலும் கடலும் வாரிக்கொண்டு, ஆறாயிரம் பேருக்குக் குறையாமல் மாண்டிருந்தனர். எஞ்சியோர் நகரைக் கைவிடுவதா, காப்பதா எனக் கலங்கி, மூன்று எஞ்சினீயர்கள் அடங்கிய குழுவை நியமித்தனர். அவருள் ராபர்ட் ஒருவர். பதினேழடி உயரத்தில் மூன்று மைலுக்கு மேல் கடற்சுவர் எழுப்புக, நகரத்தின் தரையையே மண்ணிட்டு உயர்த்துக என்பது அவர்தம் யோசனை. 1904-இல் சுவர் முடிந்தது. 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மற்றொரு பெரும்புயல் அடித்தபோது அது நகரைக் காத்தது.

அதே 1915-இல் ராபர்ட்டின் நூல் முற்றும் திருத்தப்பெற்று வெளிவந்தது. நாடெங்குமிருந்து நூலைப் பயின்றோர் ஐயம் வினவி அனுப்பிய கடிதங்களை வைத்துக்கொண்டு, எழுபத்தைந்து வயதிற்குமேல் மூன்றாண்டுகள் உழைத்தார்; ஹெலன் அம்மையார் 1895-இல் மறைந்தபின் அவர் மணந்த இசபெல் அம்மையார் துணைபுரிந்தார். சபை முறையைப் பற்றிய அவரது கடைசி நூல் 1923-இல் வெளிவந்தது. அவ்வாண்டு மே மாதம் 11-ஆம் நாள், நியூ யார்க் நாட்டின் ஹார்னெல் என்னும் ஊரில் காலமானார். ஆர்லிங்டன் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

நூலைத் திருத்தும் பணியை அவர் குடும்பத்தார் தொடர்ந்து மேற்கொண்டனர். 2020-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. சட்டைப் பைக்குள் அடங்காது. ஆகவே புதியோர்க்கென, பையில் வைத்துச் செல்லத்தக்க ஒரு சுருக்க நூலையும் 2004 முதல் தனியே வெளியிட்டு வருகின்றனர்.