சலேத் மாதாவுக்கு மலைமேல் இல்லம் அமைத்த சேன்சீர் அடிகளார்



1866-ஆம் ஆண்டில் எழும்பிய நம் சலேத் மாதா ஆலயம் ஒன்றரை நூற்றாண்டையும் கடந்து நிற்கிறது. இந்த ஜூபிலி வேளையில் எல்லாம் வல்ல இறைவனுக்கு நன்றி செலுத்தும் நாம், அவர் தம் கருவியாகத் தெரிந்துகொண்ட ஒரு குருவை நினையாதிருத்தல் தகாது. அவரே இயேசு சபையைச் சேர்ந்த லூயி சேன்சீர் அடிகளார்.

பிரெஞ்சுக்காரரான அடிகளார் உழைத்த களம் புதிய மதுரை மிஷன். 1773-ல் கலைக்கப்பட்டு 1814-ல் மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபை, அருளானந்தரும் வீரமாமுனிவரும் பாடுபட்ட இம்மண்ணுக்கு 1837-ல் நான்கு பிரெஞ்சுக் குருக்களை அனுப்பியது. அந்நால்வருள் மூவர் சில ஆண்டுகளுக்குள் இங்கேயே மடிந்தனர். பின்னால் வந்த இளங்குருக்கள் பலரையும் காலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின. ஆயினும் மிஷன் பணி நிற்கவில்லை.

நோயுற்ற குருக்கள் தேறி எழக் குளிர்ந்த இடம் ஒன்று வேண்டியிருந்தது. இதே காரணத்துக்காக அமெரிக்க மிஷனரிமார் 1845-லேயே கொடைக்கானலில் வீடுகள் கட்டியிருந்தனர். நம் அடிகளார், 1860-ஆம் ஆண்டளவில், மதுரை நீதிபதியாயிருந்த பெயின்ஸ் துரையின் பங்களாவைச் சபைக்காக வாங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'லா ப்ராவிடென்ஸ்'; தேவ பராமரிப்பு என்று பொருள். தோழர்களை அடுத்தடுத்து அடக்கம் செய்த ஒரு சபை தன் ஓய்வு இல்லத்துக்கு அப்படிப் பெயரிட்டதென்றால், அவர்கள் விசுவாசம் எத்தகையது!

ஓய்வு இல்லத்தோடு அடிகளார் நின்றுவிடவில்லை. இம்மலையில் வாழும் மக்கள் திருப்பலி காண ஆலயம் வேண்டுமென்று கருதினார். அன்று மலையேறுவது எளிதன்று. மதுரைக்கே ரயில் வந்தது 1875-ல்தான். வத்தலக்குண்டு வழியான மோட்டார் சாலையோ அதற்கும் பல ஆண்டுகள் பிந்தியது. பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ வரவேண்டும். அந்நாளில் இங்கே கோவில் எழுப்புவது எத்தகைய பாடு என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆலயத்துக்கு எத்தனையோ திருப்பெயர்கள் உண்டு. அவற்றுள் சலேத் மாதாவின் பெயர் இவ்வாலயத்துக்கு எத்துணைப் பொருத்தம்! 1846 செப்டம்பர் 19-ஆம் நாள், பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்னும் இரு ஏழைச் சிறுவர்களுக்கு மாதா கண்ணீரோடு தோன்றினாள். பிரெஞ்சு மொழி அவர்களுக்குச் சரியாக விளங்காததைக் கண்டு, அவர்களுடைய ஊர்ப் பேச்சிலேயே பேசினாள். உருளைக்கிழங்கு அழுகுவதையும் கோதுமை கெடுவதையும் குறித்து வருந்தினாள். 1851-ல் கிரெனோபிள் ஆயர் இக்காட்சியை அங்கீகரித்தார். அதற்குப் பதினைந்தே ஆண்டுகளில் அதே அன்னைக்கு நம் மலையில் இல்லம் எழுந்தது. உருளைக்கிழங்கும் பூண்டும் விளைவித்து, மழையையும் பனியையும் அஞ்சி வாழும் நம்மவருக்கு, விளைச்சலைப் பற்றிக் கவலைப்பட்ட அன்னை அந்நியளா?

அன்னையின் கண்ணீருக்கு மற்றொரு காரணமும் உண்டு. மக்கள் ஆண்டவருடைய நாளை மறந்து ஞாயிற்றுக்கிழமையிலும் வேலையில் மூழ்கினர் என்பதே அது. இன்று நம் ஊரில் சனி, ஞாயிறுதான் பிழைப்பு நாட்கள். லாட்ஜிலும் கடையிலும் வாடகைக் காரிலும் உழைக்கும் நம் குடும்பங்களின் நெருக்கடியை நாம் அறிவோம். வயிற்றுப்பாட்டைக் குறை சொல்ல நாம் துணியோம். ஆயினும் சுற்றுலா வந்தவர்கள் கோவிலைப் படம் பிடித்துச் செல்ல, கோவிலுக்குரியவர்களின் இடம் பூசையில் வெறுமையாகக் கிடப்பது முறையாகுமா?

சுவருக்கு வர்ணம் பூசுவதும், தேருக்கு மின்விளக்கு ஏற்றுவதும் நல்லவையே. ஆனால் கற்களைச் சுமந்து இவ்வாலயத்தை எழுப்பியவர்கள், அதன் உள்ளே மக்கள் முழந்தாளிட வேண்டுமென்றே எழுப்பினார்கள். விடியற்காலைப் பூசையானாலும், மாலைப் பூசையானாலும், வீட்டுக்கு ஒருவரேனும் என்று தொடங்கி, குடும்பம் முழுவதும் வந்து சேருவோமாக. அதுவே இறைவனுக்கு நாம் செலுத்தும் ஜூபிலி நன்றி. அதுவே சேன்சீர் அடிகளாருக்கு நாம் ஆற்றும் கைம்மாறு.

சலேத் மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!