அடைத்த வாசலுக்குப் போன சாவித்திரிபாய் அம்மா



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். குழுவில் தீர்மான நோட்டு எழுதுவேன், அதைத் தவிர வேற எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நம்ம மலருக்கு ஒரு பெரிய பெண்மணியோட வாழ்க்கையை எழுதித் தரணும்னு தலைவி அக்கா கேட்டாங்க. எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்த பேரு சாவித்திரிபாய் பூலே அம்மா. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. சொல்லக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு, ஆனாலும் அதை முதல்ல சொல்லிடுறேன்.

2020-ல் கொரோனா வந்தப்போ எங்க தெருவில் ஒரு வீட்டுப் பையனுக்குத் தொற்று வந்திடுச்சு. அவன் சென்னையிலிருந்து வந்தவன். அவனை ஆம்புலன்ஸில் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. வயசான அப்பாவும் அம்மாவும் மட்டும் வீட்டில். 14 நாள் வெளியே வரக்கூடாதுன்னு சொல்லி, வாசலுக்கு முன்னால் சவுக்குக் கம்பு கட்டி அடைச்சிட்டாங்க. தெருக்குழாய் அந்தக் கம்புக்கு இந்தப் பக்கம்.

அன்னைக்குச் சாயங்காலம் அந்த அத்தை வாசலில் நின்னு, ஒரு குடம் தண்ணி பிடிச்சுத் தர முடியுமான்னு தெருவைப் பார்த்துக் கேட்டாங்க. நாலு வீடு தள்ளி இருக்கிற எனக்கு நல்லாவே கேட்டுச்சு. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். சின்னப் பிள்ளைங்க ரெண்டு, வீசிங் இருக்கிற மாமியார், இவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு பயம். ரெண்டு நாள் அப்படியே போச்சு. மூணாம் நாள் காலையில் எங்க குழு ஊக்குநர் அக்கா போன் பண்ணி எங்க அஞ்சு பேரையும் கூப்பிட்டாங்க. முகக்கவசம் கட்டிக்கிட்டு, முறை போட்டு, தண்ணிக் குடத்தையும் அரிசி, காய், மாத்திரையையும் திண்ணையில் வெச்சிட்டு எட்டி நிப்போம். அத்தை வந்து எடுத்துக்குவாங்க. மிச்ச நாள் பூரா அப்படித்தான் ஓடுச்சு. பையனும் பிழைச்சு வந்தான். அத்தையும் மாமாவும் நல்லாத்தான் இருக்காங்க. ஆனா அந்த முதல் ரெண்டு நாளைப் பத்தி அத்தை இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு தோணும்.

அப்புறம் ஒரு வருஷம் என் பொண்ணு பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு சாவித்திரிபாய் அம்மாவைப் பத்திப் பேசினா. நான்தான் உட்கார்ந்து மனப்பாடம் பண்ண வெச்சேன். நாட்டிலேயே முதன்முதலா பெண்களுக்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியைகளில் ஒருத்தர்னு மட்டும்தான் எனக்கு அதுவரை தெரியும். அவங்க எப்படி இறந்தாங்கன்னு கேட்டப்போ எனக்குக் கையில் இருந்த வேலை ஓடலை. அதுக்கப்புறம்தான் நூலகத்தில் புத்தகம் எடுத்து முழுசாப் படிச்சேன்.

அவங்க 1831 ஜனவரி 3-ம் தேதி மகாராஷ்டிராவில் சத்தாரா பக்கம் நைகாவ் என்கிற கிராமத்தில் பிறந்தாங்க. விவசாயக் குடும்பம். 1840-ல், 9 வயசில் கல்யாணம். மாப்பிள்ளை ஜோதிராவ் பூலேவுக்கு 13 வயசு. புனேயில் குடும்பம். கல்யாணத்தப்போ அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்காரர்தான் சொல்லித் தந்தார். அதோட நிக்காம, ஆசிரியைப் பயிற்சிக்கும் போனாங்க. நம்மளில் எத்தனை பேர் குழுவுக்கு வந்தப்புறம் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போட்டோம்! அந்த சந்தோஷம் நமக்குத் தெரியும். அவங்க அதைத் தனக்கு மட்டும் வெச்சுக்கலை.

1848-ல் புனேயில் பிடே என்பவரோட பெரிய வீட்டில் புருஷனும் பொண்டாட்டியுமா பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. அப்போ அந்த அம்மாவுக்கு 17 வயசு. பொண்ணு படிச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஊரே நம்பின காலம். அவங்க பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது சேற்றையும் சாணியையும் அள்ளி மேலே வீசுவாங்களாம். அதுக்காகவே பையில் இன்னொரு சேலை எடுத்துக்கிட்டுப் போய், பள்ளிக்கூடத்தில் மாத்திக்கிட்டுப் பாடம் நடத்தினாங்கன்னு சொல்லுவாங்க. ஊர்ப்பேச்சு தாங்காம மாமனார் வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டார். அப்போ இடம் கொடுத்தது உஸ்மான் ஷேக் என்கிற முஸ்லிம் நண்பர். அவர் குடும்பத்துப் பெண் ஃபாத்திமா ஷேக்கும் கூடவே ஆசிரியையா நின்னாங்க. 1851-க்குள்ள மூணு பள்ளிக்கூடம், சுமார் 150 பெண் பிள்ளைகள். ஒருத்தி தனியா நின்னிருந்தா முடிஞ்சிருக்குமா? பக்கத்தில் இன்னொரு பெண் நின்னதால்தான் முடிஞ்சுது. குழுவில் இருக்கிற நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் சின்ன வயசிலேயே புருஷனை இழந்த பெண்கள் நிறைய. மொட்டை அடிச்சு, ஒரு மூலையில் அடைச்சு வெச்சிடுவாங்க. அப்படி இருந்த பெண்ணை வீட்டு ஆளே கெடுத்து, அவள் கர்ப்பமாயிட்டா, பழி முழுக்க அவள் தலையில். பிள்ளையைக் கொல்லணும், இல்லை தானே சாகணும். வேற வழி கிடையாது. 1863-ல் சாவித்திரிபாய் அம்மாவும் ஜோதிராவும் தங்க வீட்டிலேயே இந்தப் பெண்களுக்கு ஓர் இடம் தொடங்கினாங்க. யாருக்கும் தெரியாம வந்து பிள்ளை பெத்துக்கலாம். பிள்ளையை எடுத்துக்கிட்டும் போகலாம், விட்டுட்டும் போகலாம். அப்படி வந்த காசிபாய் என்கிற பெண்ணுக்குப் பிறந்த ஆண் குழந்தையைத் தத்து எடுத்து, யஷ்வந்த்னு பேர் வெச்சாங்க. இவங்களுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. அந்த யஷ்வந்தைப் படிக்க வெச்சு டாக்டர் ஆக்கினாங்க. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1868-ல் தங்க வீட்டுத் தண்ணித் தொட்டியை, ஊர்க் கிணத்தில் தண்ணி எடுக்க விடாத சாதிக்காரங்களுக்குத் திறந்து விட்டாங்க. இதைப் படிச்சப்போ எனக்கு எங்க தெருக்குழாய்தான் கண்ணுக்கு வந்துச்சு. குழாய் இருந்தும் தண்ணி கிடைக்காம நிக்கிறது என்னன்னு அன்னைக்கு என் கண் முன்னாலேயே பார்த்தேனே.

1876, 77-ல் பெரிய பஞ்சம். நம்ம ஊர்ப்பக்கம் பெரியவங்க தாது வருஷப் பஞ்சம்னு சொல்லுவாங்களே, அதே பஞ்சம்தான் அங்கேயும். 1873-ல் ஜோதிராவ் தொடங்கின சத்திய சோதக் சமாஜ் சங்கத்து ஆட்களோட சேர்ந்து, ஊர் ஊராப் போய் தானியமும் பணமும் திரட்டி, பசியில் கிடந்த பிள்ளைகளுக்குச் சோறு போட ஏற்பாடு பண்ணினாங்க. 1890 நவம்பரில் ஜோதிராவ் இறந்தார். தத்துப் பிள்ளை கொள்ளி வெக்கக்கூடாதுன்னு சொந்தக்காரங்க தகராறு பண்ணினப்போ, அந்த அம்மா தானே கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கிட்டு முன்னால் நடந்து போய்க் கொள்ளி வெச்சாங்க. இன்னைக்குக்கூட நம்ம பக்கம் ஒரு பெண் அப்படிச் செஞ்சா ஊர் ஒரு மாசம் பேசும்.

இனி அவங்க கடைசிக் காலம்.

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் வந்து, அங்கிருந்து புனேக்குப் பரவிடுச்சு. காய்ச்சல் அடிக்கும், தொடை இடுக்கிலும் அக்குளிலும் கட்டி வீங்கும், சில நாளில் உயிர் போயிடும். எலி உடம்பில் இருக்கிற தெள்ளுப்பூச்சி கடிச்சுத்தான் பரவுதுன்னு அப்போ யாருக்கும் தெரியாது. வீட்டில் எலி செத்துக் கிடந்தா ஜனங்க ஊரை விட்டு ஓடினாங்க. அந்த நோய் பின்னால் நம்ம பக்கமும் வந்துச்சு. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயிலே இருக்கு. அப்படி ஒரு பயம்.

1897 பிப்ரவரியில் வெள்ளைக்கார அரசாங்கம் தொற்றுநோய்ச் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்துச்சு. 2020-ல் நம்ம நாட்டில் கொரோனாவுக்குப் பயன்படுத்தினதும் அதே சட்டம்தான். புனேயில் அந்த வருஷம் சிப்பாய்கள் வீடு வீடாப் புகுந்து தேடி, நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் மத்தவங்களை முகாமுக்கும் இழுத்துக்கிட்டுப் போனாங்க. பெண்கள்னும் பார்க்கலை. அதுக்குப் பயந்து ஜனங்க நோயாளியை வீட்டுக்குள்ளேயே ஒளிச்சு வெச்சாங்க. வெளியே போனா பிடிச்சுக்குவாங்க, உள்ளே கிடந்தா பார்க்க ஆள் இல்லை. ஏழை எளியவங்க பாடு சொல்லவே வேண்டாம்.

சாவித்திரிபாய் அம்மாவுக்கு அப்போ 66 வயசு. வீட்டோட இருந்திருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா அவங்க ராணுவத்தில் டாக்டரா இருந்த மகன் யஷ்வந்தை வரச் சொன்னாங்க. ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம், ஜன நெருக்கம் இல்லாத தோட்ட வெளியில் பிளேக் நோயாளிகளுக்கு ஒரு வைத்திய இடம் ஏற்பாடு பண்ணினாங்க. இதில் நான் கவனிச்சது ஒண்ணு. அவங்க யோசிக்காம ஓடலை. இடம் ஊருக்கு வெளியே, பார்க்கிறவர் டாக்டர், தங்க வேலை நோயாளியைத் தேடிக் கூட்டிக்கிட்டு வர்றது, பக்கத்தில் இருந்து கவனிக்கிறது. அடைச்சு வெச்ச ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் கதவைத் திறந்து விட்டாங்களே, அந்தப் பெண் பெத்த பிள்ளைதான் இப்போ நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தது.

முண்ட்வா என்கிற ஊரில், ஊருக்கு வெளியே ஒதுக்கி வெச்ச மஹர் ஜனங்க குடியிருப்பில், கெய்க்வாட் குடும்பத்துப் பையன் ஒருத்தன் பிளேக் வந்து கிடக்கிறான்னு தெரிஞ்சுது. அந்த அம்மா நேரா அங்கே போனாங்க. பையனைத் தன் முதுகில் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்த்தாங்க. 66 வயசில், காய்ச்சல் கொதிக்கிற பிள்ளை முதுகில். அந்த நோய் அவங்களையும் பிடிச்சுக்கிச்சு. 1897 மார்ச் 10-ம் தேதி ராத்திரி இறந்து போனாங்க. மகன் யஷ்வந்தும் நோயாளிகளைப் பார்க்கிற வேலையை விடலை. 1905-ல் அவரும் பிளேக்கில்தான் இறந்தார்.

இன்னைக்குப் புனே பல்கலைக்கழகத்துக்கே அவங்க பேருதான். 1998-ல் தபால் தலையும் வந்துச்சு. பெருமைதான். ஆனா எனக்குப் பெருசாத் தெரியறது அந்த முதுகுதான்.

நான் படிச்சு முடிச்சப்போ மனசுக்குள் ஒரு சண்டை வந்துச்சு. அவங்க செத்துத்தானே போனாங்க, அப்போ நான் கதவைச் சாத்தினது தப்பில்லையேன்னு ஒரு பக்கம் தோணிச்சு. ரொம்ப நாள் யோசிச்சேன். நம்ம யாரும் உயிரைக் கொடுக்கணும்னு நான் சொல்ல வரலை. பிள்ளைகுட்டிக்காரங்க நாம, பயம் வரத்தான் செய்யும். ஆனா அவங்க காலத்தில் நோய் எப்படிப் பரவுதுன்னே தெரியாது, மருந்தும் கிடையாது. எனக்கு முகக்கவசம் இருந்துச்சு, சோப்பு இருந்துச்சு, எட்டி நிக்கணும்னு தெரிஞ்சிருந்துச்சு. ஒரு குடத்தைத் திண்ணையில் வெச்சிட்டு வர எனக்கு வீரம் எதுவும் தேவைப்படலை. கூட நாலு பேர் தேவைப்பட்டாங்க. அவங்க போன் நம்பர் எல்லாம் என் கையில் இருந்துச்சு. முதல் நாளே நான் கூப்பிட்டிருக்கலாம். ஊக்குநர் அக்கா கூப்பிடுற வரைக்கும் காத்திருந்தேன். என் தப்பு அதுதான்.

அதனால் எங்க குழுவில் போன வருஷம் ஒரு தீர்மானம் போட்டோம். சேமிப்பு, கடன், வட்டி எழுதுற நோட்டிலேயே கடைசிப் பக்கத்தை ஒதுக்கினோம். எங்க தெருக்களில் தனியா இருக்கிற வயசானவங்க, படுக்கையில் இருக்கிறவங்க, மாற்றுத்திறனாளிகள், நிறைமாசக் கர்ப்பிணிகள் பேரை அதில் எழுதினோம். என்ன மாத்திரை சாப்பிடுறாங்க, ரேஷன் யார் வாங்கித் தர்றாங்க, தண்ணி யார் பிடிக்கிறாங்க, மகன் மகள் போன் நம்பர் என்ன, எல்லாம் இருக்கு. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் எங்களில் ஒருத்தி பேர். மழை வெள்ளமோ, புயலோ, காய்ச்சலோ, எது வந்தாலும் யார் எந்த வாசலுக்குப் போகணும்னு அன்னைக்கு யோசிக்க வேண்டியதில்லை. மாசக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை படிச்சுத் திருத்துவோம். அஞ்சு நிமிஷம்தான் ஆகும். உங்க குழுவிலும் செஞ்சு பாருங்க அக்கா.

எங்க பக்கத்தில் முதல் பேர் அந்த அத்தை பேருதான். பக்கத்தில் என் பேரை நானே எழுதினேன். இப்போ தெருக்குழாயில் தண்ணி வர்ற நாளெல்லாம் முதல் குடம் அவங்க வீட்டுத் திண்ணைக்குப் போகுது.