தண்டியடிகள்

காரைக்காலுக்குத் தென்மேற்கேயுள்ள திருவாரூரிலே பிறவிக்குருடராய்த் தோன்றியவர் தண்டியடிகள். இவர் வரலாற்றை 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தால் அறிகின்றோம். திருக்கோயிலின் மேல்பாலிருந்த குளம், சூழ எழுந்த சமணர் பாழிகளாற் குறுகியதறிந்து வருந்திய அடிகள், தாமே அதனைத் தோண்டத் துணிந்தார். தோண்டுமிடத்தில் ஒரு தறி, கரையில் ஒரு தறி. இரண்டையும் இணைத்து ஒரு கயிறு. அதனைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணைக் கூடையில் நிரப்பி, தடவிக்கொண்டே ஏறிக் கரையிற் கொட்டுவார்.

இக்காலத்திற் கண்ணில்லார் சிலர் நாவாற் சொடுக்கொலி எழுப்பி, அது சுவரிலும் மரத்திலும் பட்டு மீளுவதைச் செவியாலறிந்து பிறர் துணையின்றி நடக்கின்றனர். ஆயினும் கீழிறங்கும் பள்ளத்தை எதிரொலி எளிதிற் காட்டாது. ஆண்டுக் கயிறே தக்க துணையென்பது எம் கருத்து.

மண்ணிலுள்ள சிற்றுயிர்கள் மடியுமென்று சமணர் தடுத்தனர், அடிகள் இசைந்திலர். வாதம் முற்றவே, அவர்தம் மண்வெட்டியைப் பறித்து, தறியையும் கயிற்றையும் அகற்றினர். ஏளனத்தைப் பொருட்படுத்தாதவர் இதற்கு உள்ளம் நொந்தார். கயிறு போயின் வேலையும் போயிற்றன்றோ! அரசன் முன்னிலையிற் குளத்தில் மூழ்கியெழுந்த அடிகள் கண்பெற்றனரென்றும், சமணர் பார்வையிழந்தனரென்றும் புராணங் கூறும். பின்னர் அரசனே அக்குளத்தின் கரைகளைத் திருத்தி அமைப்பித்தான்.