வேகத்துக்கு 47 வருஷம்

கோ-கார்ட் இன்ஜினில் ஒரே ராத்திரியில் குதிரைத்திறனை ஏத்திடணும்னு துடிக்கிற நம்ம மெக்கானிக்கல் செட்டுக்கு நான் சொல்ல நினைப்பது பர்ட் மன்ரோவின் கதை.

1899-ல் நியூசிலாந்தில் இன்வர்கார்கில் ஊர்ப்பக்கம் பிறந்தவர். பிழைப்புக்கு மோட்டார் சைக்கிள் விற்றார். 1920-ல் இந்தியன் ஸ்கவுட் என்ற 600 சிசி வண்டியை வாங்கினார். முழுசா முறுக்கினாலும் மணிக்கு 88 கிலோமீட்டர்தான் போகும். 1926-ல் அதன் இன்ஜினில் கை வைத்தவர், அப்புறம் விடவே இல்லை.

நமக்காவது லேத், பவுண்டரி, லேப் டெக்னீஷியன் எல்லாம் உண்டு. இவர் பழைய தகர டப்பாக்களில் உலோகத்தை ஊற்றிப் பாகங்களை வார்த்தார். பழைய ஆரக்கம்பி ஒன்றுதான் மைக்ரோமீட்டர்! டிராக்டர் ஆக்சிலைச் செதுக்கி கனெக்டிங் ராட் செய்து, ஹார்டனிங், டெம்பரிங்கையும் தானே பார்த்துக்கொண்டார். பிஸ்டன், காம், ஃப்ளைவீல் எல்லாமே சொந்தத் தயாரிப்பு. வெடிச்சுப் போனதை வீசாமல் ஷெல்பில் அடுக்கி, வேகக் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதி வைத்தார். எனக்கு அந்த ஷெல்பைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

இன்ஜின் 950 சிசி ஆனது. 1967-ல், 68 வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புத் தரையில் மணிக்கு 295 கிலோமீட்டர்! ஆயிரம் சிசிக்கு உட்பட்ட பிரிவில் சாதனை. கணக்குப் போட்டுப் பாருங்க: வண்டி வாங்கிய நாளிலிருந்து வருஷத்துக்கு நாலரை கிலோமீட்டர்கூட ஏறலை.

1978-ல் காலமானார். 2014-ல் பழைய கணக்கில் ஒரு பிழை இருப்பதை அவர் மகன் கண்டுபிடிக்க, திருத்திய சாதனை 296-ஐத் தாண்டியது.