10 ரூபாய்க்குக் கைமாறிய சிறுமி... 'புதுமைப் பெண்' திட்டத்தின் பெயருக்குப் பின்னால் யார்?

குடவாசல் பக்கம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு காலேஜ் போகும் மாணவியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் ஏறுகிறது. வீட்டில் 'புதுமைப் பெண் பணம்' என்பாங்க. முழுப்பெயர்: மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். யார் இந்த அம்மையார்? வெளியூர்க்காரர் இல்லை; பக்கத்துத் திருவாரூரில் 1883-ல் பிறந்தவர்.

வீட்டில் வறுமை. 10 ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் குழந்தை ஒரு தேவதாசியிடம் கைமாறியது. மயிலாடுதுறை பக்கத்து மூவலூரில் பாட்டும் ஆட்டமும் கற்று வளர்ந்தார். அடுத்து, வசதியான ஒரு கிழவரிடம் ஒப்படைக்கப் பார்த்தார்கள். மறுத்துவிட்டு, தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த சுயம்புப் பிள்ளையைக் கட்டிக்கொண்டார்.

தான் தப்பித்தது போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால் பொட்டுக்கட்டிய மற்ற பெண்கள்? 'வெளியே வா' என்று சொல்வது சுலபம். வந்தால் எங்கே தங்குவது, யார் கட்டிக்கொள்வார்கள்? அந்தப் பெண்ணின் வருமானத்தை நம்பித்தானே மொத்த வீடும் ஓடுகிறது! அதனால்தான் சங்கம் தேவைப்பட்டது. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இனி பொட்டுக்கட்ட மாட்டோம் என்று அந்தக் குடும்பங்களையே சொல்லவைக்க நினைத்தார். 1925-ல் மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) இசை வேளாளர் மாநாடு கூடியதில் அவர் பங்கு பெரிது. சட்டமன்றத்துக்குள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார் என்றால், தெருத்தெருவாகப் போய்ப் பேசியவர் ராமாமிர்தம். சொந்த அனுபவத்தை வைத்து 1936-ல் ஒரு நாவலும் எழுதினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வர 1947 ஆகிவிட்டது. மாநாடு நடந்து 22 வருஷம்!

நடுவில் 1938-ல், இந்தி எதிர்ப்புக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்த படையில் ஒரே பெண் இவர். அப்போது வயது 55.

1962-ல் காலமானார். 1989-ல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் வந்தது. பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. திருமணத்தின் வழியாகத் தப்பித்தவர் என்பதால் பொருத்தம்தான். 10-ம் வகுப்பு முடித்திருந்தாலே அந்த உதவி கிடைத்தது. 2022-ல் அது உயர்கல்வித் திட்டமாக மாறியது. இது இன்னும் பொருத்தம் என்றே தோன்றுகிறது. ஒரு குறை மட்டும்: பிளஸ் டூவோடு நின்றுவிட்ட பெண்ணுக்கு அவர் பெயரில் இப்போது எதுவும் கிடையாது.